களம் காலியான கதை

ஓர் ஏக்கர் நெல்லை அறுத்து, அரியைக் கட்டாகக் கட்டி, தலையில் சுமந்து, களத்தில் அடித்து, காற்றில் தூற்றி, மரக்காலால் அளந்து முடிப்பதற்கு எத்தனை பேர் வேண்டும்? விழுப்புரம், திண்டிவனம் வட்டங்களில் முதியவர் ஒருவரிடம் இதைக் கேட்டால், ஆள் கணக்கைச் சொல்வதற்கு முன் வேலைகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்குவார். அறுப்பவர் வேறு, கட்டுபவர் வேறு, தலையடி அடிப்பவர் வேறு, பிணையல் ஓட்டுபவர் வேறு, முறம் பிடிப்பவர் வேறு. அத்தனை பெயர்களும் இன்று ஒரே ஒரு பெயருக்குள் அடங்கிவிட்டன. "மிஷின் விட்டாச்சு" என்று சொன்னால் அறுவடை முடிந்துவிட்டது என்று பொருள்.

இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? அது யாருக்கு விடுதலையாயிற்று, யாரை வெறுங்கையோடு நிறுத்தியது? தென்னார்க்காட்டு மண்ணில் வாழும் நாம் இவ்வினாக்களை ஒருமுறையேனும் எண்ணிப் பார்ப்பது நன்று.

பழைய களம்

சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று பட்டங்களிலும் ஏரித் தண்ணீரையும் கிணற்று நீரையும் நம்பி நெல் விளைந்த பகுதி இது. கதிர் முற்றியதும் கருக்கரிவாளோடு ஆணும் பெண்ணும் வரிசையாக வயலில் இறங்குவர். ஏக்கர் ஒன்றை ஒரே நாளில் அறுத்துக் கட்ட ஏறத்தாழப் பத்து முதல் பதினைந்து பேர் தேவைப்பட்டனர். சும்மாடு வைத்து, கட்டுகளை வரப்பின் மேல் சுமந்து களத்துமேட்டில் சேர்ப்பது அடுத்த வேலை. அங்கே கட்டுகளைக் கல்லிலோ மரக்கட்டையிலோ ஓங்கி அடித்து முதல் நெல்லை உதிர்ப்பார்கள். தாளில் எஞ்சிய மணிகளுக்காக அதனைப் பரப்பி, மாடுகளைப் பிணைத்துச் சுற்றி வரச் செய்து மிதிக்க விடுவார்கள். பிறகு காற்று வரும் திசை பார்த்துத் தூற்றுவார்கள். பதர் பறந்து போக, பொலி குவியும்.

அந்தப் பொலி அப்படியே நிலக்காரர் வீட்டுக் குதிருக்குப் போய்விடுவதில்லை. அறுத்தவர்க்கு உரிய கூலி களத்திலேயே நெல்லாக அளக்கப்படும். கலப்பை செய்த தச்சர், கொழு அடித்த கொல்லர், துணி வெளுத்தவர், முடி திருத்தியவர், ஏரி மடையைத் திறந்து நீர் பாய்ச்சியவர், ஊர்க்காவல் புரிந்த தலையாரி, வெட்டியான் என ஊர்ப்பணி செய்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. மேரை என்றும் சுதந்திரம் என்றும் அதற்குப் பெயர். ஆக, களம் என்பது வெறும் உழைப்பிடம் அன்று. ஓராண்டுக் காலத்தில் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று ஊர் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்ட இடம் அது.

ஆயினும் அந்தக் களத்தைப் பொற்காலமாகப் பாடிவிடலாகாது. பங்கு அளக்கப்பட்ட வரிசையிலேயே சாதியின் வரிசையும் இருந்தது. அதிகம் உழைத்த சேரி மக்கள் கடைசியில் நின்றார்கள். அளப்பவரும், மரக்காலுக்கு உரியவரும், கணக்கை நினைவில் வைத்திருப்பவரும் ஒருவரே என்றால், பெறுபவர் வாதாடுவதற்கு ஏது இடம்? குனிந்து அறுத்தவர் முதுகு நிமிரும் முன்பே அடுத்த நாளுக்கான அழைப்பு வந்துவிடும். மறுத்துச் சொல்லும் உரிமை பலருக்கு இல்லை.

கை குறைந்த நாடும் கை மிகுந்த நாடும்

இதே வேலைக்கு மேலை நாட்டினர் இயந்திரம் தேடியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ மீக்கிள் 1786ஆம் ஆண்டளவில் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். இங்கிலாந்தின் உழவுத் தொழிலாளருக்குக் கதிரடிப்பே குளிர்காலப் பிழைப்பு. வயலில் வேறு வேலை இல்லாத மாதங்களில் கொட்டகைக்குள் கோலால் கதிரடித்தே அவர்கள் வயிறு கழுவினர். அந்தப் பிழைப்பை இயந்திரம் பறித்தபோது அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. 1830இல் கென்ட் பகுதியில் தொடங்கிய கிளர்ச்சி தென் இங்கிலாந்து முழுவதும் பரவியது. 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயரில் மிரட்டல் கடிதங்கள் எழுதப்பட்டன. கதிரடிக்கும் இயந்திரங்கள் உடைத்து நொறுக்கப்பட்டன. அரசு 19 பேரைத் தூக்கிலிட்டது. ஏறத்தாழ 500 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியது.

அமெரிக்காவின் நிலை வேறு. அங்கே நிலம் மிகுதி, ஆள் குறைவு. சைரஸ் மக்கார்மிக் 1831இல் வர்ஜீனியாவில் குதிரை இழுக்கும் கதிரறுப்பு இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்; 1834இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்; 1847இல் சிகாகோவில் தொழிற்சாலை தொடங்கிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். அவருக்கும் முன்னதாக, 1828இல், ஸ்காட்லாந்தில் இறையியல் மாணவராயிருந்த பாட்ரிக் பெல் இத்தகைய இயந்திரம் ஒன்றை வயலில் ஓட்டிக் காட்டியிருந்தார். ஆனால் அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. பின்னாளில் ஒரு சிற்றூரின் சபைப் போதகராக எளிய வாழ்வு வாழ்ந்து மறைந்தார். அறுப்பதையும் அடிப்பதையும் ஒருங்கே செய்யும் கூட்டு இயந்திரத்துக்கு 1836இலேயே மிச்சிகனில் ஹைரம் மூர் என்பவர் காப்புரிமை பெற்றார்.

ஆஸ்திரேலியாவில் 'சன்ஷைன்' அறுவடை இயந்திரங்களைச் செய்த ஹியூ விக்டர் மக்கேயின் தொழிற்சாலை வேறொரு காரணத்தால் வரலாற்றில் இடம் பெற்றது. அங்கே வேலை செய்தோர்க்கு நியாயமான கூலி எது என்ற வழக்கில் நீதிபதி ஹிக்கின்ஸ் 1907இல் தீர்ப்பளித்தார். முதலாளியால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. ஒரு தொழிலாளி தன் மனைவி மக்களோடு மானமாக வாழ எவ்வளவு வேண்டும் என்பதையே கொண்டார். நாளொன்றுக்கு ஏழு ஷில்லிங் என்று அவர் வரையறுத்தார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலின் சாயல் அத்தீர்ப்பின் சொற்களில் தென்படுவதாக ஆய்வாளர் பலர் கருதுவர். அறுவடை இயந்திரம் செய்தவர்க்குக் கிடைத்த இந்த நீதி, அறுவடை செய்தவர்க்கு நம் நாட்டில் எளிதில் கிட்டவில்லை.

இயந்திரம் நம் மாநிலத்துக்கு அறிமுகமாகாமல் இல்லை. 1861 முதல் 1866 வரை சென்னை ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசன் காலத்தில், சைதாப்பேட்டையில் அரசு மாதிரிப் பண்ணை ஒன்று அமைந்தது. நீராவிக் கலப்பை முதலிய புதுக் கருவிகள் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்டுச் சோதிக்கப்பட்டன. அங்கே தோன்றிய வேளாண்மைக் கல்விதான் 1906இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறிப் பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கல்வி வேரூன்றியது, அந்தக் கருவிகள் வேரூன்றவில்லை. சேறு நிறைந்த சிறுசிறு பாத்திகள், நெருக்கமான வரப்புகள், கனத்த கருவியை இழுக்க வலுவில்லாத மாடுகள் ஆகியவை சில தடைகள். இவற்றினும் பெரிய தடை ஒன்று இருந்தது. மனிதக் கை இங்கே இயந்திரத்தைவிட மலிவாகக் கிடைத்தது. கை குறைந்த நாடுகள் இயந்திரம் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், தென்னார்க்காட்டு ஏழைகள் மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிக்கொண்டிருந்தனர்.

பின்வாசல் வழியே வந்த இயந்திரம்

இதனால், தானிய வேலையில் இயந்திரம் நம்மிடம் வயல் வழியாக வரவில்லை. அறுவடைக்குப் பிந்திய வேலைகளின் வழியாக நுழைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு நகரங்களில் அரிசி ஆலைகள் எழுந்தன. அதுவரை நெல்லை அவித்து, காயவைத்து, உரலிலிட்டு உலக்கையால் குத்தியவர்கள் பெண்கள். குத்துக் கூலியாகக் கிடைத்த நொய்யும் தவிடும் ஏழை விதவையின் அடுப்பை எரியச் செய்தன. ஆலை வந்தபோது தோள்வலி தீர்ந்தது. அந்தக் கூலியும் தீர்ந்தது. இதை எதிர்த்து ஊர்வலம் எதுவும் நடந்ததாக நாம் அறியோம். பெண்களின் வேலை வேலையாகவே எண்ணப்படாத காலம் அது.

திண்டிவனம் பக்கத்துப் புன்செய்களில் மணிலாப் பயிருக்கும் இதுவே நேர்ந்தது. தென்னார்க்காட்டு மணிலா புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகருக்குச் சென்றுகொண்டிருந்தது. கையால் தோலுரிப்பதற்காகக் காயை நனைத்ததால் பருப்பு கெட்டது என்ற குறை எழுந்தது. தோலுரிக்கும் இயந்திரங்கள் அக்குறையைத் தீர்த்தன. திண்டிவனத்தில் அமைந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மணிலா வகைகள் இன்றும் டி.எம்.வி. என்ற எழுத்துகளால் இந்தியா முழுவதும் அறியப்படுகின்றன. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை என்பது நம்மவர் பலருக்கே தெரியாது.

அடுத்து நீரிறைக்கும் எஞ்சினும் மின்மோட்டாரும் வந்து கவலை ஏற்றத்தை ஓய்வு பெறச் செய்தன. 1960களின் பிற்பகுதியில் ஐ.ஆர்.8, ஏ.டி.டி.27 போன்ற குறுகிய காலப் பயிர்கள் பரவின. ஒரு பட்டத்து அறுவடைக்கும் அடுத்த பட்டத்து நடவுக்கும் இடையே இருந்த ஓய்வு நாள்கள் குறைந்தன. களத்தை விரைவாகக் காலி செய்ய வேண்டிய நெருக்கடி பிறந்தது. உழுவதற்காக வாங்கிய டிராக்டர் களத்துக்குள் ஏறியது. பரப்பிய தாளின் மேல் அதன் சக்கரங்கள் சுற்றி வந்தன. பிணையல் மாடுகள் விலகி நின்றன. பிறகு கதிரடிக்கும் இயந்திரங்களும் வந்தன. இருந்தும் அரிவாள் மட்டும் மனிதக் கையிலேயே இருந்தது.

அந்த அரிவாளின் கூலிக்காகத் தமிழகம் கொடுத்த விலை கொடியது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமான தலித் மக்கள். அறுவடைக் கூலியாகச் சற்று மிகுதியான நெல் கேட்டதும், வெளியூர் ஆள்களை இறக்கியதை எதிர்த்ததுமே அப்பூசலின் அடிப்படை. அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் ஒன்று பிறந்தது. ஓர் அரைப்படி நெல்லுக்குள் எவ்வளவு மானம் அடங்கியிருந்தது என்பதை இந்நிகழ்ச்சியை அறிந்தோர் மறக்க இயலாது.

இருவேல்பட்டு தரும் சாட்சி

நம் மாவட்டத்தின் கதையை அறிய அரியதோர் ஆவணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு 1916இல் சில கிராமங்களை ஆய்வு செய்வித்தார். அவற்றுள் ஒன்று, விழுப்புரத்துக்குத் தென்மேற்கே திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய இருவேல்பட்டு. அந்த ஆய்வுகள் 1918இல் நூலாக வெளிவந்தன. அதே ஊரை 1930களில் மீண்டும் ஆராய்ந்தனர். எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் எழுதிய மறு ஆய்வு 1983இல் வெளியாயிற்று. ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவர் 2008 வரையிலான மாற்றங்களைக் கண்டெழுதினர். ஒரே சிற்றூரை ஒரு நூற்றாண்டுக் காலம் அறிஞர்கள் திரும்பத் திரும்பச் சென்று பார்த்தது இந்தியாவில் அபூர்வம்.

1916இல் அங்கே படியாள்கள் இருந்தனர். திருமணம் போன்ற செலவுக்காகக் கடன் வாங்கியவர், அதைத் தீர்க்க இயலாமல், நிலக்காரரிடம் கட்டுண்டு உழைத்தார். அந்தக் கட்டு தந்தையிடமிருந்து மகனுக்கும் இறங்கியது. ஊர் நிலத்தின் பெரும்பகுதியும் அதிகாரமும் ஒரு பெருங்குடும்பத்தைச் சுற்றியிருந்தன. 2008ஐ ஒட்டிய ஆய்வு காட்டும் ஊர் முற்றிலும் வேறு. நிலம் வைத்திருப்பது மட்டுமே அதிகாரத்தையும் மதிப்பையும் முடிவு செய்யும் நிலை மாறிவிட்டது. ஊரின் வாழ்வு வேளாண்மையை மட்டும் நம்பியிருக்கவில்லை. உழைக்கும் மக்கள் வேறு வேலைகளைத் தேடிக்கொண்டனர். பழைய எசமானரின் வாசலில் நிற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்குப் பெரிதும் குறைந்தது.

இந்த மாற்றத்தை இயந்திரத்தின் கொடை என்று எண்ணுவது பிழை. பள்ளிக்கூடம், பேருந்து, நியாயவிலைக்கடை அரிசி, சென்னையின் கட்டட வேலை, செங்கற்சூளை, வாக்குரிமை, தலித் மக்களின் எழுச்சி ஆகிய அனைத்தும் சேர்ந்து செய்த வேலை இது. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது விழுப்புரமும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. 'இந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று சொல்லும் வலிமையை அது பல பெண்களுக்குத் தந்தது.

எது முன்னே, எது பின்னே

நெல் அறுக்கும் கூட்டு இயந்திரம் நம் வயல்களில் பரவலாக இறங்கியது இந்தப் பின்னணியில்தான். பஞ்சாபின் கோதுமை வயல்களில் பழகிய இயந்திரம் 1990களுக்குப் பின் தமிழகத்துக்கு வரத் தொடங்கி, 2000க்குப் பின் பெருகியது. காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. சேற்று வயலுக்குப் புதையாமல் ஊரும் பெல்ட் வண்டி. முன்னால் சுழலும் உருளை கதிரை வளைத்துத் தர, கத்தி அறுக்கிறது. உள்ளே உருளும் பீப்பாய் மணியை உதிர்க்கிறது. சல்லடையும் விசிறியும் பதரை நீக்குகின்றன. நெல் தொட்டியில் நிறைகிறது. அறுப்பவர், அடிப்பவர், தூற்றுபவர் என மூன்று கூட்டத்தார் நாள்கணக்கில் செய்ததை அது ஒரு மணி நேரத்தில் ஏக்கர் ஒன்றுக்குச் செய்து முடிக்கிறது.

1830இன் இங்கிலாந்தையும் 2000க்குப் பிந்திய விழுப்புரத்தையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். அங்கே இயந்திரம் முதலில் வந்தது; மாற்று வேலை வரவில்லை. எனவே நெருப்பும் தூக்குமேடையும் தோன்றின. இங்கே உழைப்பவர் பலர் முதலில் வயலை விட்டு வெளியேறினர். இயந்திரம் அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் வந்து நின்றது. ஆள் கிடைக்கவில்லை என்ற சிறு விவசாயியின் தவிப்பும் பொய்யன்று. அறுவடை நாளில் மழை மேகம் திரளும்போது, கடன் வாங்கிப் பயிரிட்டவருக்கு அந்த இயந்திரம் உயிர் காக்கும் துணை. ஒரே இயந்திரம் ஓரிடத்தில் பகையாகவும் வேறிடத்தில் துணையாகவும் விளங்குவதற்குக் காரணம் அதன் பற்சக்கரங்களில் இல்லை. அது வரும் வேளையில் ஏழைக்கு வேறு வழி திறந்திருக்கிறதா என்பதில் இருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இக்கருத்தையே தொடுகிறார். தொழில்நுட்பம் மனிதனின் கூட்டாளி என்று கூறும் அவர், மனிதனை ஒதுக்கிவிட்டு அவன் இடத்தைப் பிடித்தால் அது எதிரியைப் போலாகிவிடும் என்றும் எச்சரிக்கிறார்.

சிந்திய மணிகள்

எனினும் எல்லாரும் பேருந்து ஏறிவிடவில்லை. கட்டட வேலைக்குப் போக உடல் வலுவற்ற முதியவள், கைக்குழந்தையோடு ஊரை விட்டு அகல முடியாத தாய், நிலமே இல்லாத இருளர் குடும்பம் ஆகியோர் ஊரிலேயே தங்கினர். அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த கதிர்களைப் பொறுக்குவது இவர்களின் எழுதப்படாத உரிமையாக இருந்தது. எலி வளைகளைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த கதிர்களை எடுத்து இருளர் உணவாக்கினர். அரிவாளால் அறுத்த வயலில் தப்பிய நெல் கதிராகக் கிடக்கும், கையால் பொறுக்கலாம். இயந்திரம் சிந்துவதோ தனித்தனி மணி. சேற்றில் சக்கரத்தடத்தின் கீழ் அழுந்திய மணியை யாரால் பொறுக்க முடியும்? நெல்லின் அளவைப் பார்த்தால் இந்த இழப்பு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பிச்சையாகக் கேட்காமல் உரிமையாக எடுத்த உணவு அது.

வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமலும், சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்காமலும் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியர் நூல் விதிக்கிறது. ரூத்து என்னும் மோவாபியப் பெண் போவாசின் வயலில் நுழைந்தது அந்த உரிமையோடுதான். தாவீதின் குலமும் அந்த வயலிலிருந்தே தொடர்கிறது. அறுவடை செய்தவரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதை யாக்கோபு தம் திருமுகத்தில் கேட்கச் செய்கிறார். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், விளைச்சலில் உழைத்தவருக்கும் பங்கு உண்டு, உழைக்க இயலாதவருக்கும் பங்கு உண்டு என்பது தெளிவாகும்.

பழைய களம் அந்த இரண்டாம் பங்கைச் சாதிச் சிறுமையோடு கலந்து கொடுத்தது. புதிய இயந்திரம் அந்தச் சிறுமையைக் கடந்தது. பங்கையும் சேர்த்துக் கடந்துவிட்டது. களத்துமேட்டுக்குத் திரும்பிப் போக நாம் விரும்ப வேண்டியதில்லை. படியாளின் பேரப்பிள்ளைகள் அதை விரும்பவும் மாட்டார்கள். ஆனால் களத்தில் அளக்கப்பட்ட அந்தப் பங்கு இன்று எங்கே அளக்கப்படுகிறது? முதியோர் உதவித்தொகை உரியவரின் கைக்குப் போய்ச் சேருகிறதா? இருளர் குடும்பத்துக்கு மனைப்பட்டாவும் சாதிச் சான்றும் கிடைத்தனவா? நம் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை சந்திக்கும் வீடுகளில், நேற்று வரை அரிவாள் பிடித்த கைகள் உள்ள வீடு இருக்கிறதா?

இயந்திரம் ஒரு மணி நேரத்தில் வயலைக் காலி செய்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடும். வயலின் ஓரத்தை விட்டுவைக்கும்படி அதற்குக் கற்பிக்க எவராலும் ஆகாது. விட்டுவைக்க வேண்டியவர்கள் அந்த வயலின் சோற்றை உண்ணும் நாம்தான்.